கார்த்திகேசு அங்கிளின் கைலி

கார்த்திகேசு அங்கிளின் கைலியைத் துவைத்தது நான்தான். பக்கத்து வீட்டு நல்லம்மாள் சொன்னாள், அதனால் துவைத்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். ஆனால் நல்லம்மாள் சொல்வதை நான் என்றைக்குக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்? வாளியில் முக்கியது நான், கசக்கியது நான், இஸ்திரி போட்டு மடித்ததும் நான். ஒரு மகளுக்கு அவளுடைய அப்பாவின் வாசம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. அதை நான் சோப்புப் போட்டுப் போக்கிவிட்டேன்.

என் பெயர் லோகேஸ்வரி. கேரி தீவில் நாய்களுக்குத் தங்குமிடம் நடத்துகிறேன். தீவு என்றதும் படகேறி வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு பாலம், அதைத் தாண்டினால் தீவுதான். சுற்றிலும் செம்பனை மரங்கள், அதற்கு அப்பால் கடல்நீர் உள்ளே வராமல் இருக்கப் போட்ட நீளமான மண்கரை. பண்டு என்று சொல்வோம். பதினேழு வருடம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். அதை மூடியபோது மனிதர்களோடு பழகியது போதும் என்று தோன்றியது. ஒரு பழைய வேன் வாங்கி இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

சனிக்கிழமைதோறும் காலையில் பிரிக்பீல்ட்ஸ், செராஸ், கிள்ளான் என்று சுற்றி, கொண்டோ அடுக்குமாடிகளில் அடைந்து கிடக்கும் நாய்களை ஏற்றி வருவேன். நாய் வைத்திருப்பவர்கள் பாடு பட்டணத்தில் பெரும்பாடு. பூங்கா வாசலில் நாய் படத்தின் மேல் சிவப்புக் கோடு. லிஃப்டில் ஏறினால் ஒரு முறைப்பு. வாடகைக் கார் கூப்பிட்டால், டிரைவர் நாயைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். என் வேனில் அந்தப் பேச்சே கிடையாது. நாயும் வரலாம், ஆளும் வரலாம். பண்டின் மேல் ஓட விடுவேன், சேற்றில் புரளும், உடும்பைப் பார்த்துக் குரைத்துவிட்டு உடும்பு திரும்பிப் பார்த்ததும் என் காலுக்கிடையில் வந்து ஒளியும். சாயங்காலம் கழுவித் துடைத்து வீட்டில் கொண்டுபோய் விடுவேன்.

சொந்தக்காரர்கள் வெளியூர் போனால் நாய் என்னிடம் தங்கும். அப்படித் தங்க வரும் நாய்க்கு நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வீட்டு ஆள் உடுத்திப் படுத்த, துவைக்காத துணி ஒன்று. புது இடத்துக்கு வந்த நாய் முதல் இரண்டு நாள் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது. எஜமான் வாசம் அடிக்கிற துணியைக் கூண்டுக்குள் விரித்துவிட்டால் அதன் மேல் சுருண்டு படுக்கும், அப்புறம் சாப்பிடும். இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே? மடிப்புக் கலையாத டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

கார்த்திகேசு அங்கிளிடமும் அப்படித்தான் முதலில் முட்டிக்கொண்டேன்.

அவர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பிரிக்பீல்ட்ஸ். மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் ஜனகா, கனடாவில், டொரொண்டோவில் இருக்கிறாள். இங்கே அவருக்கு இருந்தது பொப்பி மட்டும்தான். பழுப்பு நிறத்தில், ஒரு காது பாதி இல்லாத தெருநாய். குட்டியாக ரயில்வே குவார்ட்டர்ஸ் சாக்கடையில் கிடந்ததை எடுத்து வளர்த்தார். என்னிடம் தமிழில் பேசுவார், பொப்பியிடம் மட்டும் ஆங்கிலம். "சிட், மேன்" என்பார். அது அப்படியே உட்காரும்.

எப்போதும் கஞ்சி மொடமொடக்கும் சட்டை, பின்னுக்கு வாரிய தலை. நாயோடு பண்டுக்கு வருகிற மனிதர் கல்யாணத்துக்குப் போகிறவரைப் போல வந்து நிற்பார். ஒரு முறை மலாக்காவில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது. பொப்பியை விட்டுப் போக வேனருகே வந்தவர், ஒரு பையை நீட்டினார். உள்ளே கைலி, நாலாக மடித்து, விளிம்பெல்லாம் கத்தி மாதிரி.

"என்னா அங்கிள் இது?"

"நீங்கள் கேட்ட சாரம், பிள்ளை. நேற்றுத்தான் டோபியிட்ட எடுத்தனான்."

"இதக் கட்டிக்கிட்டு உங்க நாயி என்னா கோயிலுக்கா போவப் போவுது? உங்க வாசம் வேணும் அங்கிள். நாலு நாளு கட்டிப் படுத்த கைலி. அழுக்கா, வேர்வையா வேணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. வேனில் இருந்த மற்றவர்கள் காதில் விழுந்திருக்குமோ என்று சுற்றிப் பார்த்தார்.

"ஊத்தை உடுப்பை ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர கையில குடுக்கிறதே? என்ர மனுசியிட்டயே நான் குடுத்ததில்லை. நான்தான் தோய்ப்பன்."

"அப்ப பொப்பி பட்டினி கெடக்கட்டும் லா. எனக்கென்னா வந்துச்சு?"

அன்றைக்கு மலாக்காவுக்கே போகவில்லை அந்த மனுஷன். பொப்பியை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அடுத்த முறை, ஆறேழு மாதம் கழித்து, செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். வேன் சீட்டில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அது இருக்கு" என்றார். கைலி என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் வீராப்பாக இருந்துவிட்டு அவரும் சிரித்தார்.

அதற்கப்புறம் நாங்கள் சிநேகம். பண்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மற்ற நாய்களை விரட்டிக்கொண்டு திரிவேன். "பிள்ளை, உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வரப்போகுது, அதுகளோட இப்பிடிக் கத்தாதேங்கோ" என்பார். "வந்தா வரட்டும் அங்கிள், செத்தா ரெண்டு நாயாவது அழும்" என்பேன். எனக்குக் கல்யாணமாகிக் கலைந்தது ஒரு கதை, அதை இங்கே சொல்லவில்லை. அவர் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இந்த ஜனவரியில் அவருக்கு இதய வால்வு ஆபரேஷன் என்றார்கள். பொப்பியைப் பத்து நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நானே பிரிக்பீல்ட்ஸ் போய் ஏற்றிக்கொண்டேன். பொட்டலத்தை இந்தத் தடவை நேராக என் கையிலேயே கொடுத்தார்.

"ஏழு நாள், பிள்ளை. ஏழு நாள் தோய்க்கேல்லை. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"அடேயப்பா! ஆளு முன்னேறிட்டீங்க அங்கிள்."

"பொப்பிக்காகத்தான். இல்லாட்டி நான் இப்பிடி ஒரு ஆளே?"

நீலக் கட்டம் போட்ட கைலி. அதைக் கூண்டில் விரித்ததும் பொப்பி மூக்கை அதற்குள் நுழைத்து ஒரு பெருமூச்சு விட்டான். அன்றைக்கு ராத்திரியே ஈரல் சோற்றை வழித்துத் தின்றான். பக்கத்து வீட்டு நல்லம்மாள்தான் நாய்களுக்குச் சமைப்பாள். "இது நாயில்ல லோகா, மாப்பிள்ளை" என்றாள்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுக் கூண்டருகே பிடிப்பேன். "பொப்பி, ஈட் யுவர் டின்னர், மேன்" என்பார். பொப்பி பாதிக் காதையும் முழுக் காதையும் தூக்கிக்கொண்டு போனைச் சுற்றி வருவான். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாளே பேசினார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் பேசினார். ஒன்பதாம் நாள் போன் வரவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தரை வரைக்கும் பொப்பி என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "போடா, நாளைக்குப் பேசுவாரு" என்று திட்டி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து போன். "லோகேஸ்வரி அக்காவோ? நான் ஜனகா. கார்த்திகேசுவின்ர மகள். அப்பா நேற்று மோசம் போயிட்டார்."

அங்கிள் இறந்துவிட்டார். "ஐயோ அங்கிள்" என்று மட்டும் சொன்னேன். ஆபரேஷன் எல்லாம் நன்றாகத்தான் முடிந்ததாம். திடீரென்று நுரையீரலில் ரத்தம் கட்டிக்கொண்டதாம். அவள் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே பனிப்புயல், விமானம் ஒன்றும் கிளம்பவில்லை என்றாள். பொப்பியைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். அந்த நிலைமையிலும் நாயை நினைத்திருக்கிறாளே என்று எனக்கு மனசு கரைந்துபோயிற்று.

மகளுக்காக இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். நான் போயிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் அங்கிளின் தங்கை, செராஸ்காரம்மா, கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் ஜனகாவின் முகம். தேவாரம் ஓதும்போது படம் உறைந்து நின்றுவிட்டது, வாய் திறந்தபடி. யாரோ போனை வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். மறுபடி இணைப்பு வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். நான் வெளியே வந்து வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஜனகா கூப்பிட்டாள். முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து இறங்கினாளாம். மறுநாள் பொப்பியைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். "அப்பாவின்ர சாமான் ஏதும் உங்களிட்ட இருக்கோ அக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு கைலி இருக்கும்மா. பொப்பிக்குக் குடுத்தது."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நான் வந்து எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் கூண்டுக்குப் போய்ப் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. நீலக் கட்டம் தெரியாத அளவுக்கு நாய்முடி. ஒரு மூலையில் எச்சில், இன்னொரு மூலையில் பண்டுச் சேறு, நடுவில் இரண்டு தடவை மூத்திரம் போயிருந்தான். செத்துப்போன ஒரு மனுஷனின் துணி. அதுவும் யாருடைய துணி? அழுக்குக் கைலியைக் கையில் கொடுக்கவே கூச்சப்பட்ட கார்த்திகேசு அங்கிளுடையது.

நல்லம்மாள் சோற்று வாளியோடு வந்தாள். "செத்தவங்க துணிய இன்னுமா நாய்க்கூண்டுல போட்டு வச்சிருக்க? மவ வந்து பாத்தா என்னா நெனைக்கும்? நம்ம அப்பாவுக்கு இவ்வளோதான் மரியாதையான்னு நெனைக்காது? தீட்டு வேற."

"நீ உன் வேலயப் பாரு" என்றேன். ஆனால் மரியாதை என்று அவள் சொன்ன சொல் நெஞ்சில் குத்தியது. 

கைலியைப் பிடித்து இழுத்தேன். பொப்பி விடவில்லை. என்றைக்கும் பல்லைக் காட்டாத நாய், ஒரு நுனியைக் கவ்விக்கொண்டு அடித்தொண்டையில் உறுமியது. "விடுடா சனியனே!" என்று அதட்டி உருவினேன். மூத்திர நாற்றம் மூக்கில் ஏறியது. சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கொண்டுபோய் வாளியில் போட்டேன். கிருமிநாசினியில் ஊற வைத்தேன். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கசக்கினேன். வாசனைத் தண்ணீரில் ஒரு தடவை அலசினேன். நல்ல வெயில், இரண்டு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. அங்கிள் எப்படி மடிப்பார் என்று நினைவுபடுத்திக்கொண்டு, விளிம்பு பிசகாமல் இஸ்திரி போட்டேன். போடும்போது அழுகை வந்தது. உங்க மகக்கிட்ட சுத்தமாத்தான் குடுக்கப்போறேன் அங்கிள், கவலப்படாதீங்க என்று வாய்விட்டே சொன்னேன்.

அதோடு விட்டேனா? பொப்பியையும் பிடித்துக் குளிப்பாட்டினேன். வீட்டு ஆள் வரும்போது நாய் குளித்துப் பளபளவென்று நிற்க வேண்டும், அது என் தொழில் மரியாதை. லாவெண்டர் ஷாம்பு போட்டு, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரல் இடுக்கில் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். கழுத்துப் பட்டையையும் பிடிகயிற்றையும்கூடக் கழற்றி பிரஷ் போட்டுத் தேய்த்துக் காய வைத்தேன்.

துவைக்காத துணி வேண்டும் என்று ஊரெல்லாம் கத்துகிறவளுக்கு ஒரு நிமிஷமாவது அந்த யோசனை வந்ததா என்று கேட்டால், வரவில்லை. நாய்க்கு வேண்டும் என்று தெரியும். மனுஷிக்கும் வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. 

அன்று சாயங்காலம் பொப்பி சாப்பிடவில்லை. துணி காய்ந்த கொடிக்கயிற்றுக்கு அடியில் போய் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். எஜமான் இறந்தது இப்போதுதான் அதற்குத் தெரிந்திருக்கிறது என்று நல்லம்மாள் சொன்னாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

சனிக்கிழமை வெளிப்பயணத்தை ரத்து செய்துவிட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஜனகா வந்தாள். செராஸ் அத்தையின் காரைத் தானே ஓட்டிக்கொண்டு தனியாக வந்தாள். நாற்பது வயதிருக்கும். அங்கிளின் அதே நெற்றி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. பொப்பி அவளைப் பார்த்து மெதுவாக வாலாட்டினான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்தது, ஆனாலும் ஞாபகம் இருந்தது. அவள் வாசல் சிமெண்டிலேயே உட்கார்ந்து அவன் தலையைத் தடவினாள்.

நான் உள்ளே போய், கைலியைச் சில்வர் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். நம் முறைப்படி கொடுக்க வேண்டும் என்றுதான்.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"இது அப்பாவின்ர சாரமோ?"

"ஆமாம்மா."

எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள். முகத்தை அதற்குள் புதைத்து மூச்சை இழுத்தாள். நீளமாக இழுத்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தை எடுத்து, துணியின் வேறு பக்கத்தைத் திருப்பி, அங்கேயும் முகர்ந்தாள். இடுப்பில் சொருகுகிற மேல் விளிம்பைத் தேடிப் பிடித்து அங்கேயும் முகர்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தோய்ச்சிட்டீங்களோ அக்கா?"

"நான்தாம்மா. நேத்து. அழுக்கா இருந்துச்சு, உங்க கையில எப்புடிக் குடுக்கறதுன்னு..."

அவள் சத்தம் போடவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கைலியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினாள்.

"நான் வாறதுக்கு முதலே செராஸ் மாமி அப்பாவின்ர வீட்டைக் கழுவிப்போட்டா. மெத்தை, தலகணி எல்லாம் எறிஞ்சாச்சு. உடுப்பெல்லாம் ஒரு இல்லத்துக்குக் குடுத்தாச்சு. நல்லதுக்குத்தான் செய்தவ, நான் வந்து பார்த்து அழக்கூடாதெண்டு. கதவைத் திறந்தா பினாயில் மணம்தான். அப்பாவின்ர அலுமாரிக்குள்ள தலைய விட்டுப் பாத்தன். அதுக்குள்ளயும் பினாயில்."

கையிலிருந்த வெறும் தட்டைக் கீழே வைத்தேன்.

"நீங்கள் அப்பாவை ஏசினதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு மனுசி என்ர ஊத்தைச் சாரத்தைக் கேக்கிறா எண்டு. உங்களிட்ட ஒண்டு இருக்கெண்டு போனில சொன்னீங்கள்தானே, அப்ப எனக்கு எப்பிடி இருந்தது தெரியுமோ? ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. ஊரில எல்லாரும் தோய்ச்சாலும் அந்த மனுசி தோய்ச்சிருக்க மாட்டா எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டு, குனிந்து பொப்பியின் கழுத்தில் முகத்தை வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் மட்டும் என்ன, அவள் மூச்சை இழுப்பது கேட்கிறதே.

"இவனையும் குளிப்பாட்டிட்டீங்கள்."

"ஆமா."

பிடிகயிறு அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, வெள்ளை வெளேரென்று. அவள் அதையும் பார்த்தாள். கேட்கவில்லை.

பின்பக்கக் கூண்டில் இரண்டு நாய் குரைத்து ஓய்ந்தன. அப்புறம் அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "அக்கா, நீங்கள் கையில எடுத்தனீங்கள்தானே. தோய்க்க முதல். எப்பிடி மணந்தது? சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டு போறன்."

ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனசு பதறியது. இவ்வளவையும் துடைத்தெடுத்துவிட்டு வெறுங்கையோடு எப்படி அனுப்புவேன்? வயசான ஆண்கள் மேல் என்ன வாசம் அடிக்கும் என்று அவசர அவசரமாக யோசித்தேன். என் அப்பா, பக்கத்து வீட்டுக் கிழவர், வேனில் வருகிறவர்கள்.

"வேர்வை வாசந்தாம்மா. கொஞ்சம் பவுடர் வாசம். அப்புறம்... தைலம். படுக்கறப்ப நெஞ்சில தேச்சிருப்பாரு போல, நல்லா தைல வாசம் அடிச்சுது."

அவள் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தைலம் ஒத்துவராது அக்கா. மணந்தாலே மூச்சு முட்டும் அவருக்கு. வீட்டுக்குள்ளயே விடமாட்டார்."

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. நான் எதற்காகப் பொய் சொன்னேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, அதற்காக என்மேல் இரக்கப்பட்டாள்.

"என்னெ மன்னிச்சுரும்மா. எனக்குத் தெரியாது. நான் மோந்து பாக்கவே இல்ல. நாய் மூத்திர நாத்தம் அடிச்சுதுன்னு சீன்னு சொல்லிட்டு மூச்சப் புடிச்சுக்கிட்டேன். மூச்சப் புடிச்சுக்கிட்டேதான் வாளியில போட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். "ஓம்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். சின்னப் பிள்ளை அழுவதைப் போல, வாயை மூடிக்கொள்ளாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் முதுகில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொப்பி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போகும்போது முகம் கழுவிக்கொண்டாள். பொப்பியைக் கனடாவுக்குக் கொண்டுபோக முடியாது, வயதாகிவிட்டது, அவ்வளவு நேரம் விமானத்தில் தாங்க மாட்டான் என்றாள். "உங்களிட்டயே இருக்கட்டும். அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பார்." என்னை நம்பி இன்னொன்றை விட்டுப் போகிறாளே என்று நினைத்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கார்க் கதவு வரைக்கும் கைலி அவள் கையில்தான் இருந்தது. கதவைத் திறந்தவள், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"இதை நீங்களே வச்சிருங்கோ அக்கா. இது இப்ப வெறும் சாரம்."

கார் செம்பனைகளுக்கு நடுவில் போய்த் திரும்புகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கைலியைக் கொண்டுபோய்க் கூண்டில் விரித்தேன். பொப்பி வந்து முகர்ந்தான். ஒரு பக்கம் முகர்ந்தான், சுற்றி வந்து மறுபக்கம் முகர்ந்தான். காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வெறும் சிமெண்டில் படுத்துக்கொண்டான். இது நடந்து இரண்டு மாதமாகிறது. இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறான். படுப்பது இன்னும் சிமெண்டில்தான்.